வாத்தியார் வீடும் நம் பிள்ளையின் வகுப்பும்

தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டில் ஒரு டீக்கடை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும், இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் அங்கே ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். சென்ற வாரம் அந்தப் பெஞ்சில் ஒரு விவாதம் கிளம்பியது. கிளப்பியவர், பம்மல் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிலில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த ஒரு தோழர்.

"காலேஜ் வாத்தியார்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆசைப்படுகிறார்களாம்! கொடுத்து வைத்த ஜன்மங்கள். நான் தோலை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பதனிட முடியுமா?" என்றார் அவர்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தத் தோழர் சிரிக்கவில்லை. அவர் கேள்விக்குள் ஒரு கோபம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் ஆலைத் தொழிலாளிகள். வயலில் கூலிக்கு இறங்குகிறவர்கள். பேராசிரியர் வீட்டில் இருந்தால் என்ன, கல்லூரியில் இருந்தால் என்ன, நமக்கு அதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கல்லூரி வயதுப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் விகிதம் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 28 சொச்சம்; தமிழ்நாட்டில் 47. இந்த 47-ல் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? பெரும்பாலோர் நம் பிள்ளைகள்! படப்பையில் நாற்று நடுகிறவளின் மகன். பல்லாவரத்தில் பாரம் தூக்குகிறவனின் மகள். அவர்களுக்கு யார் பாடம் நடத்துகிறார்கள், எங்கிருந்து நடத்துகிறார்கள், எந்த நிலைமையில் நடத்துகிறார்கள் என்பது நம் வீட்டுப் பிரச்னை.

பாவும் தறியும்

முதலில் ஆசிரியரின் வேலை என்ன என்று தெரிந்துகொள்வோம். மணியடித்தால் வகுப்புக்குள் போவது, மணியடித்தால் வெளியே வருவது, அவ்வளவுதான் என்பது நம்மில் பலருடைய நினைப்பு.

பல்கலைக் கழக மானியக் குழு 2018-ம் ஆண்டில் வெளியிட்ட விதிகள் என்ன சொல்கின்றன? முழுநேர ஆசிரியர் ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்ய வேண்டும். அதில் நேரடியாகப் பாடம் நடத்தும் நேரம், உதவிப் பேராசிரியருக்கு 16 மணி. அவருக்கு மேலே உள்ளவர்களுக்கு 14 மணி. நாளொன்றுக்குக் குறைந்தது 5 மணி நேரம் அவர் கல்லூரியில் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு ஐந்து மணி என்றால் 30 மணி. மீதி 10 மணி எங்கே? அது படிப்பதற்கும், எழுதுவதற்கும், மறுநாள் பாடத்தைத் தயார் செய்வதற்கும், விடைத்தாள் திருத்துவதற்கும் ஆன நேரம். அதைக் கல்லூரியில்தான் செய்ய வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை.

நெசவாளிக்கு இது உடனே புரியும். பாவு தயாராகாமல் தறி ஓடாது. தறியில் உட்கார்ந்த நேரம் மட்டும்தான் உழைப்பு, பாவு ஓட்டிய நேரம் உழைப்பே இல்லை என்று எந்த நெசவாளியாவது ஒப்புவானா? ஆசிரியரின் வகுப்பு தறி. அவர் தனியே உட்கார்ந்து படிப்பது பாவு. பாவை வீட்டில் ஓட்டலாம். தறி வகுப்பில்தான் ஓட வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதனால்தான் "வீட்டிலிருந்து வேலை" என்ற பேச்சு வந்தவுடன் ஒருவன் "சோம்பேறித்தனம்" என்கிறான். இன்னொருவன் "முன்னேற்றம்" என்கிறான்.

ஒரே கேள்வி, நான்கு பதில்கள்

டீக்கடை விவாதத்துக்குப் பிறகு நாம் சும்மா இருக்கவில்லை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த ஆசிரியர்கள் சிலரைக் கண்டு பேசினோம். கேள்வி ஒன்றுதான்: "வீட்டிலிருந்து வேலை செய்ய உங்களுக்குச் சம்மதமா?"

முதல் பதில், சேலையூரில் சொந்த வீடு கட்டிக்கொண்ட ஒரு பேராசிரியருடையது. நிரந்தர உத்தியோகம். நகரத்தின் வடபகுதியில் உள்ள கல்லூரிக்குப் போக எலெக்ட்ரிக் ரயில், பிறகு பஸ், பிறகு நடை. போக வர மூன்று மணி நேரம். "வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அந்த ஆறு மணி நேரத்தில் நான் ஒரு கட்டுரை எழுதிவிடுவேன், தோழர். மாடியில் தனி அறை இருக்கிறது. புஸ்தகம் எல்லாம் அங்கேதான்" என்றார். அவருக்குப் பூரண சம்மதம்.

இரண்டாவது பதில், முடிச்சூர் பக்கத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கும் ஓர் அம்மாளுடையது. தனியார் சுயநிதிக் கல்லூரியில் விரிவுரையாளர். இரண்டு குழந்தைகள், படுத்த படுக்கையான மாமியார். "வீட்டிலிருந்தா? வேண்டவே வேண்டாம், தோழர்! வீட்டில் இருந்தால் நான் வேலை செய்கிறேன் என்று வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். வேலை செய்யவில்லை என்று கல்லூரியில் சந்தேகப்படுவார்கள். இரண்டு பக்கமும் அடி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாதத்தில் நாலு நாள், விடைத்தாள் திருத்துகிற சமயத்தில், நானே கேட்டுக் கொடுத்தால் சரி" என்றும் சொன்னார்.

மூன்றாவது பதில் ஓர் இளைஞருடையது. சர்க்கார் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். டாக்டர் பட்டம் வாங்கியவர். பெயரில்தான் கௌரவம்! இப்படிப்பட்டவர்களுக்குப் பாடவேளைக்கு 1,500 ரூபாய் வீதம், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2023-ல் 20,000-த்தை 25,000 ஆக்கியது. அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம். இந்த இளைஞர் சொன்னார்: "வீட்டில் இருந்தால் என்னை மறந்துவிடுவார்கள், சார். கண்ணெதிரே நின்றுகொண்டே இருந்தால்தான் அடுத்த வருஷமும் நான் உண்டு."

நான்காவது பதில், ஆய்வுக் கூடத்தில் வேலை செய்கிற ஒருவருடையது. "என் மெஷினை நான் எங்கே தூக்கிப்போவது? உங்கள் லேத்தைப் போலத்தான் இதுவும்" என்றார் அவர்.

நால்வரும் படித்தவர்கள். நால்வரும் ஆசிரியர்கள். ஆனால் நான்கு பதில்கள்! ஒருவர் சுறுசுறுப்பானவர், ஒருவர் பயந்தவர் என்பதா காரணம்? ஒருவருக்கு அறை இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. ஒருவருக்கு உத்தியோகம் நிரந்தரம். இன்னொருவருக்கு அது ஜூன் மாதத்துச் சந்தேகம். ஒருவர் வீட்டில் சோறு தானாக வருகிறது. இன்னொருவர் அந்தச் சோற்றை ஆக்க வேண்டும். ஒருவர் வேலைக்குப் புஸ்தகம் போதும்; இன்னொருவருக்கு மெஷின் வேண்டும். "விருப்பம்" என்று சொல்கிறோமே, அது மனிதனின் மனசுக்குள் தானாக முளைப்பதில்லை. வீடு, தூரம், சம்பளம், வேலையின் பாதுகாப்பு, பெண்ணின் தலையில் ஏற்றப்பட்ட வீட்டுச் சுமை, மேலே இருப்பவன் நம்புகிறானா வேவு பார்க்கிறானா என்பது, இத்தனையும் சேர்ந்துதான் விருப்பத்தைத் தீர்மானிக்கின்றன.

தூரம் எங்கிருந்து வந்தது?

தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ரயில் வந்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்குக் குடியேறியது. அன்றைக்கு மாணவர் விடுதிகளையும் ஆசிரியர் குடியிருப்புகளையும் ஒரே வளாகத்தில் கட்டினார்கள். வீடும் வேலையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மாலையில் மாணவன் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்க முடிந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் தொழில் நுட்பக் கல்லூரி எழுந்தது. பிறகு இந்த ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும், பழைய மாமல்லபுரம் ரோட்டிலும், தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக் கழகங்களும் வரிசையாக முளைத்தன.

ஏக்கர் ஏக்கராக நிலம் வளைத்துக் கட்டடம் எழுப்பியவர்களில் எத்தனை பேர் ஆசிரியருக்குக் குடியிருப்புக் கட்டினார்கள்? நிலத்தின் விலை ஏற ஏற, வாடகை ஏற ஏற, ஆசிரியர் கூடுவாஞ்சேரிக்கும் மறைமலை நகருக்கும் தள்ளப்பட்டார். ஆலைத் தொழிலாளிக்கு நேர்ந்த கதியேதான் அவருக்கும். ரயிலில் தொங்கி நசுங்கி மூன்று மணி நேரம் வீணாக்குகிறவர் "வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்றால், அதில் பாதி ரயில் பேசுகிற பேச்சு. பாதி வாடகை பேசுகிற பேச்சு.

இன்னொன்றும் கேட்டோம். சில கல்லூரிகளில் ஆசிரியருக்கு உட்கார ஒழுங்கான நாற்காலி இல்லை. இருபது பேருக்கு ஓர் அறை. நாலு மின்விசிறி, அதில் இரண்டு சுற்றாது. பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம் இல்லை. கைக்குழந்தைக்காரி பால் கொடுக்க மறைவிடம் இல்லை. 2017-ல் பிரசவ காலச் சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள். பிரசவ விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், வீட்டிலிருந்து வேலை செய்ய நிர்வாகத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் எழுதினார்கள். நல்ல எழுத்து! ஆனால் நம் புறநகர்க் கல்லூரிகளில் எத்தனை இடத்தில் தொட்டில் ஆடுகிறது? வேலை செய்யும் இடத்தை நரகமாக வைத்துக்கொண்டு, "ஆசிரியர்கள் வீட்டை விரும்புகிறார்கள்" என்று சொல்வது என்ன நியாயம்?

2020 கற்றுக் கொடுத்த பாடம்

2020 மார்ச் மாதத்தில் கொரோனா வந்தது. கல்லூரிகள் பூட்டப்பட்டன. ஒரே வாரத்தில் அத்தனை ஆசிரியர்களும் "வீட்டிலிருந்து வேலை" செய்கிறவர்கள் ஆனார்கள். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து வந்த காலம். பூட்டியதில் தவறு இல்லை. ஆனால் செலவு யார் தலையில் விழுந்தது?

லேப்டாப் ஆசிரியருடையது. கரண்டு ஆசிரியருடையது. இன்டர்நெட் கட்டணம் ஆசிரியருடையது. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் சம்பளத்தையும் வெட்டினார்கள். பாதிச் சம்பளத்தோடு மாதங்களை ஓட்டியவர்கள் உண்டு. வகுப்பு நடத்தியதற்கு அத்தாட்சியாகப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள் என்று முடிச்சூர் அம்மாள் சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு நிர்வாகத்திலிருந்து செய்தி வரும். காலை ஆறு மணிக்குள் பதில் போக வேண்டும். அடுப்படியில் ஒரு கால், வகுப்பில் ஒரு கால். "எதிரே மாணவர் முகம் ஒன்றும் தெரியாது, தோழர். கறுப்புக் கட்டம் கட்டமாக இருக்கும். சுவரோடு பேசுவது போலப் பேசினேன்" என்றார்.

அந்தக் கறுப்புக் கட்டங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்? நம் பிள்ளைகள்! தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2017-18-ல் எடுத்த கணக்கின்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் இன்டர்நெட் வசதி உள்ளவை 24. கிராமத்தில் 15 மட்டுமே. கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் நூற்றுக்கு 11. இந்த நிலைமையில் பாடம் முழுவதும் செல்போனுக்குள் போய்விட்டது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2021 ஜனவரியில் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு, தினம் 2 ஜி.பி. வீதம் நான்கு மாதத்துக்கு இலவச டேட்டா கார்டு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கல்லூரிகள் பூட்டி அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. கார்டு கிடைத்தாலும் அதைப் போட ஒரு போன் வேண்டாமா?

பம்மல் தோழரின் கோபத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய பேத்தி 2020-ல் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த வம்சத்திலேயே கல்லூரிப் படி மிதித்த முதல் பெண். வீட்டில் இருந்தது ஒரு செல்போன். அதை அவள் அப்பா கொத்து வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மேஸ்திரி கூப்பிடுவது அதில்தான். வகுப்பு காலை பத்து மணிக்கு. போன் வீட்டுக்கு வருவது இரவு எட்டு மணிக்கு. முதல் வருஷம் முடிவதற்குள் பெண் படிப்பை நிறுத்திவிட்டாள். இன்று அவள் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கள் மிஸ் முகத்தையே நான் பார்த்ததில்லை, தாத்தா" என்று அவள் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது அந்தக் கிழவரின் குரல் இடறியது.

ஆசிரியருக்கு மாணவர் முகம் தெரியவில்லை. மாணவிக்கு ஆசிரியர் முகம் தெரியவில்லை. நடுவே இருந்தது ஒரு கம்பெனியின் கம்பி.

வீடு தொழிற்சாலை ஆனால்...

"வீட்டிலேயே வேலை" என்பது புதுமையான விஷயமா? நம் நாட்டு ஏழைப் பெண்களைக் கேளுங்கள். திருநெல்வேலிச் சீமையிலும் குடியாத்தம் பக்கத்திலும் பீடி சுற்றுகிற பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். இலையும் தூளும் கம்பெனியுடையது. திண்ணை, விளக்கு, முதுகு, கண் எல்லாம் அவளுடையது. இலை குறைந்தால் சொந்தக் காசில் வாங்கிப் போட வேண்டும். சுற்றியதில் ஒரு பகுதியைக் "கழிவு" என்று தள்ளுவார்கள். அதற்குக் கூலி இல்லை. வேலை நேரம் உண்டா? விடிந்தது முதல் படுக்கிற வரை வேலை நேரம்! இவர்கள் போராடிப் போராடித்தான் 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று அது ஒப்புக்கொண்டது. 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்று 177-ம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்திய சர்க்கார் அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை.

இந்த அனுபவம் பேராசிரியருக்கும் பாடம். முதலாளி தன் கூரையையும் கரண்டையும் மிச்சப்படுத்திக்கொண்டு, வேலையை மட்டும் உன் வீட்டுக்குள் அனுப்பினால், உன் வீடு அவனுக்கு வாடகையில்லாத தொழிற்சாலை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எப்படிப் பிறந்தது? பின்னி ஆலைத் தொழிலாளிகள் ஒரே கேட்டில் நுழைந்தார்கள், ஒரே இடத்தில் சோற்று மூட்டையைப் பிரித்தார்கள், ஒரே அதிகாரியிடம் அடிபட்டார்கள். அதனால் ஒன்றுகூட முடிந்தது. தனித்தனித் திண்ணையில் இருந்த பீடிப் பெண்களைச் சேர்க்க எத்தனை காலம் ஆயிற்று! ஆசிரியர்களுக்குச் சங்கம் முளைக்கிற இடம் அவர்கள் சேர்ந்து உட்காரும் அறை. "உனக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பது அங்கேதான். அந்த அறை காலியானால் நிர்வாகத்துக்கு எத்தனை நிம்மதி!

யாருடைய கணக்கு?

நிர்வாகங்கள் இரண்டு நாக்கால் பேசுகின்றன. பகலில் விரல் ரேகை மெஷினை வைத்து, ஐந்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் வெட்டு. ராத்திரியில் "இதை வீட்டிலிருந்து முடித்து அனுப்பு" என்று கட்டளை. தரச் சான்று கேட்டுக் குழு வருகிறது என்றால் மாதக் கணக்கில் காகிதம் நிரப்பும் வேலை. அது முழுவதும் வீட்டில், இரவில், கூலியில்லாமல். ஆக, வீட்டிலிருந்து வேலை இப்போதே நடக்கிறது. உரிமையாக நடக்கவில்லை, சுமையாக நடக்கிறது.

இதைவிடப் பெரிய கணக்கு மேலே போடப்படுகிறது. ஒரு படிப்பின் பாடங்களில் நூற்றுக்கு 20 வரை ஆன்லைனில் படித்துக்கொள்ளலாம் என்று 2016-ல் மானியக் குழு விதி செய்தது. 2021-ல் அதை 40 ஆக்கியது. அதே 2021 மே மாதத்தில், ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 40 பங்கை ஆன்லைனில் நடத்தலாம் என்று ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டது. ஒருவர் பேசியதைப் பதிவு செய்து ஆயிரம் பேருக்குக் காட்டலாம். அப்புறம் பத்து ஆசிரியர் எதற்கு? கட்டடம் எதற்கு? கௌரவ விரிவுரையாளர்தான் எதற்கு? கல்விக் கட்டணம் மட்டும் அப்படியே இருக்கும்!

தாமாக விரும்பி வீட்டிலிருந்து வேலை கேட்கிற பேராசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று "வீட்டிலிருந்தே வகுப்பு நடத்துகிறேன்" என்று நீங்கள் சொன்னால், நாளை "நீங்களே வேண்டாம், உங்கள் குரல் போதும்" என்று அவன் சொல்வான். தறியை வகுப்பில் வைத்துக் காப்பாற்றுங்கள். பாவை ஓட்ட உரிமை கேளுங்கள்.

கசப்பான ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். வகுப்புக்கே சரியாக வராமல், மாணவன் தேடி வந்தால் ஆள் இல்லாமல், பெரிய சம்பளம் மட்டும் வாங்குகிற சிலரும் இருக்கிறார்கள். அவர்களால்தான் உழைக்கும் மக்களிடம் ஆசிரிய வர்க்கத்துக்கே கெட்ட பெயர். சங்கங்கள் அவர்களுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. ஆனால் நாலு பேர் செய்த தவறுக்காக நாலாயிரம் பேரின் நியாயத்தை மறுக்கவும் கூடாது. ஆலையில் ஒருவன் தூங்கினான் என்பதற்காக எட்டு மணி நேர வேலைச் சட்டத்தை விட்டுக்கொடுப்போமா?

கேட்க வேண்டியது என்ன?

"ஆசிரியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறார்களா?" என்ற கேள்வியே அரைக் கேள்வி. எந்த நிபந்தனைகளில் என்பதுதான் மீதி அரை. நம் அபிப்பிராயம் இது:

1. வகுப்பு, வகுப்பறையில் நடக்க வேண்டும். வெள்ளம், தொற்றுநோய் போன்ற ஆபத்துக் காலத்துக்கு மட்டும் ஆன்லைன். 2015-லும் 2023-லும் வெள்ளம் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றன என்பதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்திலும் போன் இல்லாத பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தைக் கல்லூரி திறந்ததும் திரும்ப நடத்த வேண்டும்.

2. வகுப்பு இல்லாத வேலையை வீட்டில் செய்ய ஆசிரியருக்கு உரிமை வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் உரிமை வேண்டும். எழுத்தில் வேண்டும். நிரந்தரமானவருக்கு மட்டும் என்றில்லாமல், ஒப்பந்தக்காரருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் வேண்டும்.

3. வீட்டில் செய்யும் வேலைக்கான கம்ப்யூட்டர், கரண்டு, இன்டர்நெட் செலவு நிர்வாகத்துடையது. போர்ச்சுகல் நாட்டில் 2021 டிசம்பரில் அப்படிச் சட்டம் வந்தது. வேலை நேரம் முடிந்த பிறகு தொழிலாளியை முதலாளி தொந்தரவு செய்வதையும் அது தடுத்தது. பிரான்சில் 2017-லிருந்து, வேலை நேரத்துக்குப் பின் போனை அணைத்து வைக்கும் உரிமை பற்றிப் பெரிய கம்பெனிகள் சங்கத்தோடு பேசியாக வேண்டும். நம் நாட்டில் தனி உறுப்பினர் மசோதாவாக லோக் சபாவில் கொண்டு வந்தார்கள், சட்டமாகவில்லை.

4. கல்லூரியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் மேஜை, நாற்காலி, காற்று, சுத்தமான கழிப்பிடம். குழந்தைக் காப்பகம். வீட்டுக்கு ஓடத் தேவையில்லாத கல்லூரி முதலில் வேண்டும்.

5. கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு சொன்ன ஊதியமும், பன்னிரண்டு மாதச் சம்பளமும், பணி நிரந்தரமும். நாளை வேலை உண்டா என்று தெரியாதவனிடம் "உன் விருப்பம் என்ன?" என்று கேட்பது கேலி.

இவற்றில் எதுவும் நமக்கு அந்நியமான கோரிக்கை இல்லை. வேலை நேரத்துக்கு எல்லை, செலவு முதலாளிக்கு, வேலைக்குப் பாதுகாப்பு, பெண்ணுக்குக் காப்பகம். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய நாளிலிருந்து நாம் கேட்டு வருவதன் தொடர்ச்சிதான் இவை.

நாம் முடிச்சூர் அம்மாளிடம் கேட்டறிந்ததை மறுபடி டீக்கடையில் போய்ப் பம்மல் தோழரிடம் சொன்னோம். படுத்த படுக்கையான மாமியார், இரண்டு அறை, வெட்டுப்பட்ட சம்பளம், கறுப்புக் கட்டங்கள் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. டீ ஆறிப் போயிற்று.

பிறகு கேட்டார்: "அந்த அம்மா சங்கத்தில் இருக்கிறதா?"

"இல்லை. தனியார் கல்லூரியில் சங்கம் என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்" என்றோம்.

"1975-ல் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னான்" என்றார் கிழவர். "அந்தக் காலேஜ் வாசலில் அவர்கள் ஒரு கூட்டம் போடட்டும். பிள்ளையைப் படிக்க வைத்த தகப்பன் என்று நாங்கள் நாற்பது பேர் பின்னால் வந்து நிற்கிறோம். எங்களை யார் வேலையை விட்டு நீக்க முடியும்?"

தோழர்களே! உங்கள் ஊரிலும் கல்லூரி இருக்கும். அதன் வாசலிலும் ஒரு டீக்கடை இருக்கும். உங்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவரை அங்கே சந்தியுங்கள். "உங்கள் சம்பளம் எவ்வளவு? உட்கார நாற்காலி உண்டா? ராத்திரி எத்தனை மணிக்கு உங்கள் வேலை முடிகிறது?" என்று கேளுங்கள். அவர் இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்வார். பேச்சை அங்கிருந்து துவக்குங்கள்.